ஆபரேஷன் முடிந்தும் மங்கலாகவே தெரிகிறதே, டாக்டர்?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. நான்கு மாதத்துக்கு முன் வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். அதே வாரம் ஆபரேஷன் செய்துகொண்ட எதிர்வீட்டுச் சித்தி, கட்டுப் பிரித்த அன்றே தெருமுனையில் நின்ற பஸ்ஸின் போர்டைப் படித்தார். அம்மாவுக்கோ எதிரில் நிற்பவர் முகம்கூட இன்னும் கலங்கலாகத்தான் தெரிகிறது. விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது என்று மூன்று ஊசி போட்டாகிவிட்டது. நான்காவதுக்கு வரமாட்டேன் என்கிறார். இடது கண்ணிலும் புரை இருக்கிறது. விலை கூடிய லென்ஸ் வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று தம்பி என்னைக் குற்றம் சொல்கிறான். அப்பாவுக்கு 70. கண் அழுத்தத்துக்கு இரண்டு வருடம் சொட்டு மருந்து விட்டும் பார்வை கொஞ்சமும் கூடவில்லை என்று போன மாதம் நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் எந்தக் கண் வைத்தியமும் பலிக்கவில்லை?

– சிவகாசி அருகிலிருந்து 41 வயது வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். அப்பா விஷயம் கடைசியில் இரண்டு வரியில் வருகிறது. என்னைப் பதற வைத்தது அந்த இரண்டு வரிதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இன்று இரவே அப்பாவின் சொட்டு மருந்தைத் திரும்ப ஆரம்பிக்க வையுங்கள். பழைய பாட்டிலைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே மருந்தில் புதுப் பாட்டில் வாங்குங்கள். இந்த வாரத்துக்குள் அவருடைய கண் மருத்துவரிடம் கூட்டிப்போய், ஒரு மாதம் விட்டுவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பார்வை கூடவில்லை என்று அவர் சொல்வது உண்மைதான். அந்த மருந்து பார்வையைக் கூட்டாது. இருக்கிற பார்வை போகாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இதை முதல் நாளே அவரை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். காலை முழுக்க வரிசை நிற்கும் ஓபியில் நாங்கள் சீட்டை எழுதிக் கொடுத்து, "தினமும் ராத்திரி ஒரு சொட்டு" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இது மருத்துவர்களாகிய எங்கள் தவறு. அப்பாவைத் திட்டாதீர்கள்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறினால் அந்த இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த இழை மறுபடி முளைக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. நேராகப் பார்ப்பது கடைசிவரை நன்றாகவே தெரியும், வலியும் பெரும்பாலும் இருக்காது. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வது, பக்கத்தில் வரும் சைக்கிளைக் கவனிக்காமல் போவது எல்லாம் வீட்டில் "வயசாயிருச்சு" என்ற கணக்கில் போய்விடும். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், உங்கள் அப்பாவைப் போலவே பலனில்லை என்று மருந்தை விட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து வந்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். ஓரப் பார்வை எவ்வளவு மிச்சம் என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தால், குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். அந்த மூன்று வருடத்தில் போனதை நாங்கள் யாரும் திருப்பித் தர முடியவில்லை.

அப்படியானால் மருந்து வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? மருந்து விட்டவர்களையும் விடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஸ்வீடனில் இந்த நோய் ஆரம்ப நிலையில் இருந்த 255 பேரை அப்படிப் பார்த்தார்கள். முடிவு 2002இல் வந்தது. சுமார் 6 வருடத்தில், சிகிச்சை இல்லாதவர்களில் 62% பேருக்கு நோய் முற்றியது. சிகிச்சை பெற்றவர்களில் 45% பேருக்கு. கண் அழுத்தம் ஒரு புள்ளி குறைந்தால் நோய் முற்றும் ஆபத்து ஏறக்குறைய 10% குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது. பிரிட்டனில் 516 பேரை வைத்து நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், லாட்டனோபிராஸ்ட் சொட்டு விட்டவர்களில் 2 வருடத்தில் 15.2% பேருக்குப் பார்வைப் பரப்பு சுருங்கியது. மருந்தில்லாத வெறும் சொட்டு விட்டவர்களில் அது 25.6%.

ஸ்வீடன் கணக்கில் அந்த 45%ஐ நான் மறைக்க விரும்பவில்லை. சிகிச்சை பெற்றும் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோய் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் மருந்து விட்டால் மட்டும் போதாது, அழுத்தத்தையும் ஃபீல்டு டெஸ்டையும் விடாமல் பார்த்து, தேவைப்பட்டால் மருந்தை மாற்ற வேண்டும் என்கிறோம். தினமும் சொட்டு விடுவதுதான் அப்பாவுக்குத் தொல்லை என்றால், லேசர் அவருக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். 2019இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், முதல் சிகிச்சையாக எஸ்எல்டி என்ற லேசரைச் செய்துகொண்டவர்களில் 74% பேர் 3 வருடம் கழித்தும் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தம் கட்டுக்குள் இருந்தார்கள். இது நீர் வடியும் கோணம் திறந்திருக்கும் வகைக்கு. கோணம் குறுகி மூடும் வகை நம் நாட்டில் நிறைய உண்டு. அதற்குச் செய்யும் லேசர் வேறு. அப்பாவுடையது எந்த வகை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், சொட்டு விடும் விதம். ஒரே ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிட இடைவெளி வேண்டும். அவருக்கு ஆஸ்துமாவோ மூச்சிரைப்போ இருந்தால் டிமோலால் உள்ள சொட்டு ஆகாது. அந்த மருந்தாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் தானாகப் போய்ச் சொட்டு வாங்குகிற பழக்கம் நம் ஊரில் அதிகம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்பா அதைத் தொடவே கூடாது.

சரி, இனி அம்மா. எதிர்வீட்டுச் சித்தி பஸ் போர்டைப் படித்தாரே, அதை அளவுகோலாக வைத்து அம்மாவையும் அப்பாவையும் அளந்திருக்கிறீர்கள். புரைக்கு அது சரியான அளவுகோல். அம்மாவின் விழித்திரைக்கும் அப்பாவின் நரம்புக்கும் அது பொருந்தாது. உங்கள் வீட்டில் வைத்தியம் பலிக்கவில்லை என்று நீங்கள் நினைப்பது இதனால்தான்.

கண்ணில் வரும் நோய்களில் புரை ஒரு தனி ரகம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கலங்கிப்போகிறது. அதை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸ் வைக்கிறோம். பின்னால் விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்தால் பார்வை அப்படியே திரும்பிவிடுகிறது. இவ்வளவு முழுமையாகத் திருப்பித் தரும் சிகிச்சை மருத்துவத்தில் மிகச் சிலவே உண்டு. ஆபரேஷன் செய்த கண்களில் குறைந்தது 80% கண்ணுக்கு 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. சாதாரணக் கண் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் நின்று படிப்பதுதான் 6/18. நேபாளத்தில் நடந்து 2007இல் வெளிவந்த ஒரு ஆய்வில், முற்றிய புரை உள்ளவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புரையை ஒலி அலையால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ மெஷின் முறையிலும் மறு பாதிக்குச் செலவு குறைந்த தையலில்லா முறையிலும் ஆபரேஷன் செய்தார்கள். 6 மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோது இரண்டு பக்கமும் 98% பேருக்கு 6/18 அல்லது அதற்கு மேல் வந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பதுதான் எங்களை உறங்கவிடாத பயம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை வைத்து 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தினால் அந்த ஆபத்து 10,000க்கு 7 பேர் என்பதிலிருந்து 2 பேராகக் குறைந்தது.

உங்கள் தம்பி சொன்ன லென்ஸ் விஷயத்தை இதோடு முடித்துவிடுகிறேன். நீங்கள் வைத்த லென்ஸில் தவறில்லை. மதுரையில் ஆரோலேப் நிறுவனம் 1992இல் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து குறைந்த விலையில் நல்ல லென்ஸ் கிடைக்கிறது. தூரம், கிட்டம் இரண்டும் தெரியும் என்று விற்கப்படும் விலை கூடிய மல்டிஃபோகல் லென்ஸ், உள்ளே வரும் ஒளியைப் பிரித்து அனுப்புகிறது. அதனால் கறுப்பு வெள்ளை வேறுபாடு சற்று மங்கும். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அதை வைக்க நாங்கள் தயங்குவோம். அம்மாவுக்கு அதை வைத்திருந்தால் இன்னும் மோசமாகக்கூட இருந்திருக்கலாம். இந்தப் பத்தியைத் தம்பியிடம் காட்டுங்கள்.

அப்படியென்றால் அம்மாவுக்கு ஏன் மங்கல்? விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு சிறு புள்ளி இருக்கிறது. முகம் பார்ப்பது, எழுத்துப் படிப்பது, பூக்கட்டும்போது நூலைப் பார்ப்பது எல்லாம் அதன் வேலை. வருடக்கணக்கில் சர்க்கரை ஓடிய மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிந்து, அந்த இடம் வீங்கிவிட்டது. முன்னால் லென்ஸ் பளிச்சென்று இருந்தாலும் பின்னால் படம் விழும் திரை ஊறிப்போய் இருக்கிறது. ஆபரேஷனே வீணா என்று கேட்பீர்கள். இல்லை. புரை அடர்த்தியாக இருக்கும்வரை விழித்திரையைச் சரியாகப் பார்க்கவே முடியாது, விழித்திரையின் வீக்கத்தைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி படமும் தெளிவாக வராது. ஊசியோ லேசரோ கணக்காகச் செய்ய அந்தக் கதவு திறந்தாக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்களில் இந்த வீக்கம் புதிதாக வருவதும், இருந்தது கூடுவதும் உண்டு. ஆபரேஷன் நன்றாகவே நடந்திருந்தாலும் இது வரலாம்.

மூன்று ஊசியோடு தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் இந்த வீக்கம் உள்ள 660 பேரை வைத்து மூன்று ஊசி மருந்துகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2015இல் வந்தது. அதில் முதல் வருடத்தில் மட்டும் ஒருவருக்குச் சராசரியாக 9 அல்லது 10 ஊசி போட வேண்டியிருந்தது. இரண்டாம் வருடம் ஐந்தாறாகக் குறைந்தது. 6 மாதம் ஊசி போட்டும் வீக்கம் வற்றாதவர்களுக்குத்தான் லேசரைச் சேர்த்தார்கள். நான்காவது ஊசிக்கு முன்பே கைவிடுவது, நெல் பால் பிடிக்கும்போதே அறுக்கப் போவதுபோல.

கிடைக்கும் பலன் எவ்வளவு? எழுத்துப் பலகையில் 5 எழுத்து ஒரு வரி. அந்த ஆய்வில் ஆரம்பப் பார்வை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு மூன்று மருந்தும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. சுமார் 8 எழுத்து கூடியது. பார்வை மோசமாக இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஒரு வருட முடிவில் அஃப்லிபெர்செப்ட் 18.9 எழுத்தும், ரானிபிசுமாப் 14.2 எழுத்தும், விலை மிகக் குறைந்த பெவாசிசுமாப் 11.8 எழுத்தும் கூட்டின. அதாவது இரண்டு முதல் நான்கு வரி. அம்மாவுக்குப் போட்டது எந்த மருந்து என்று கேளுங்கள். முகம் கலங்கலாகத் தெரியும் அளவுக்குப் பார்வை குறைந்திருப்பதால், பெவாசிசுமாப் போட்டும் வீக்கம் அசையவில்லை என்றால் மருந்தை மாற்றுவது பற்றிப் பேசலாம். விலை உங்களுக்குக் கட்டுப்படியாகாவிட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மலிவான மருந்தைத் தவறாமல் போட்டுக்கொள்வது, விலை உயர்ந்ததை ஒருமுறை போட்டுவிட்டு நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். கண்ணுக்குள் வைக்கும் ஸ்டீராய்டு மருந்தும் ஒரு வழி. அதனால் புரை வரும் என்பது அதில் உள்ள பெரிய குறை. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. கண் அழுத்தம் ஏறுகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இதே வீக்கத்துக்கு ஊசி போட்டுப் பார்த்த ரைஸ், ரைடு என்ற இரட்டை ஆய்வுகளில் ஒரு பகுதியினருக்கு 2 வருடம் தள்ளியே ஊசி தொடங்கியது. மூன்றாம் வருட முடிவில் அவர்களுக்குக் கூடியது 5 எழுத்துக்கும் குறைவு. முதலிலிருந்தே போட்டுக்கொண்டவர்களுக்கு 10 எழுத்துக்கு மேல். நீண்ட நாள் ஊறிய விழித்திரை பின்னால் வற்றினாலும் பழைய நிலைக்கு வருவதில்லை.

அம்மாவிடம் இந்த எண்களையெல்லாம் சொல்ல வேண்டாம். மருத்துவரிடம் முதல் ஊசிக்கு முன் எடுத்த ஓசிடி படத்தையும் கடைசியாக எடுத்ததையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேடுபோல் இருந்த வீக்கம் தணிந்திருந்தால் அம்மாவே கண்ணால் பார்த்துக்கொள்வார். வீக்கம்தான் முதலில் வற்றும்; பார்வை அதற்குப் பின்னால் மெதுவாக வரும். சித்திக்குத் தெரிந்த அளவுக்கு அம்மாவுக்குத் தெரியும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அந்த ஏமாற்றம்தான் அவரை இப்போது வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. முகம் அடையாளம் தெரிய வேண்டும், தனியாகப் படி இறங்க வேண்டும் என்பதை இப்போதைய குறியாக வையுங்கள். ஊசி போட்ட சில நாளில் வலியோ, சிவப்போ, திடீரென்று பார்வைக் குறைவோ வந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

இடது கண் புரையைச் செய்யலாம், அவசரம் வேண்டாம். முதலில் அந்தக் கண்ணுக்கும் ஓசிடி எடுத்து, வீக்கம் இருந்தால் அதைத் தணித்துவிட்டுச் செய்வது நல்லது. அதற்குள் ரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள். நீங்கள் சர்க்கரையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பிரஷர் எவ்வளவு என்று எழுதவில்லை. பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வில், அம்மாவுக்கு இருப்பதைப் போன்ற இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களில் ரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, 9 வருடத்தில் பார்வை மூன்று வரி இறங்கும் ஆபத்து 47% குறைந்தது. 1998இல் வந்த இந்த எண்ணை நான் இன்னும் தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிறுநீரகப் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் பாருங்கள். அம்மா பயோக்ளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா என்று சீட்டைப் பாருங்கள். சிலருக்கு அது உடலில் நீர் கோக்க வைத்து விழித்திரை வீக்கத்தையும் கூட்டும். நீங்களாக நிறுத்தாமல் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் என்றால் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உங்களுக்கு 40 தாண்டிவிட்டது. அம்மா வழியில் சர்க்கரையும் இருக்கிறது. அப்பாவைக் கூட்டிப்போகும் நாளிலேயே நீங்களும் தம்பியும் கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கண்ணில் மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள், நாலைந்து மணி நேரம் கூசும்; தம்பி அன்று பைக் ஓட்ட வேண்டாம், பஸ்ஸில் போங்கள். அப்பாவின் பழைய ஃபீல்டு டெஸ்ட் தாள்கள் வீட்டில் எங்கே இருந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஒரு மாதத்தில் ஏதாவது போயிருக்கிறதா என்று அவற்றோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.